மூவாயிரம் கிலோமீட்டர் சுற்று

"ஒன்பதாயிரத்து நூறு கிலோமீட்டர். பதினோரு மணி பத்து நிமிஷம்" என்று தம்பி ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே சொன்னான். பல் தேய்க்கும்போதே போனில் தேடி வைத்திருக்கிறான். "ரெண்டு ஊருக்கும் நடுவுல நேரா ஒரே விமானம். ஏறி உக்காந்தா இறங்க வேண்டியதுதான். இதுக்கு ஏன்க்கா இவ்வளவு பரபரப்பு?"

"பரபரப்பு எனக்கா, உனக்கா? வீட்டை விட்டு வந்ததுலேருந்து ஆறு தடவை ஹாரன் அடிச்சது யாரு?"

தம்பி வாயை மூடிக்கொண்டு ஏழாவது முறை அடித்தான்.

அக்காவுக்கு அறுபத்தொரு வயது. முப்பத்தோரு வருஷம் ரயில் நிலையத்தில் விசாரணை கவுண்டரில் உட்கார்ந்து, வண்டி எப்போது வரும், எப்போது போகும், ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொன்னவள். தெருவில் அவளுக்கு 'என்கொயரி அக்கா' என்றே பெயர். வேலையிலிருந்து ஓய்வு பெற்று நாலு மாசம் வீட்டுச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தவள், ஒருநாள் பேப்பரில் ஒரு விளம்பரத்தைப் பார்த்துவிட்டு ஒரு தொண்டு அமைப்பில் சேர்ந்தாள். எலும்பு மஜ்ஜை தானம் செய்கிறவர் ஊரிலிருந்து, அது தேவைப்படுகிறவர் இருக்கிற ஊருக்கு அதைக் கையோடு எடுத்துப் போகிற வேலை. சம்பளம் கிடையாது. டிக்கெட் அவர்களே எடுத்துக் கொடுப்பார்கள். இது அவளுக்கு ஆறாவது பயணம்.

"நீ சொன்ன பதினோரு மணி நேரம் விமானத்துக்குடா. பெட்டிக்கு இல்ல. பெட்டிக்குத் தூரம் ஒரு வார்டு கதவுலேருந்து இன்னொரு வார்டு கதவு வரைக்கும்" என்று சொல்லிவிட்டு அவள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள்.

ஏழு மணிக்கு மருத்துவமனையின் மூன்றாவது மாடியில் நர்ஸ் நீலப் பெட்டியைத் திறந்து காட்டினாள். உள்ளே ஐஸ் பைகளுக்கு நடுவே ஒரு சின்னப் பை. அடர் சிவப்பு. முந்நூறு மில்லிதான் இருக்கும், ஒரு டம்ளருக்குக் கொஞ்சம் கூட. லேபிளில் இருந்த எண்ணை நர்ஸ் ஒருமுறை வாசித்தாள், அக்கா ஒருமுறை வாசித்தாள், பிறகு இருவரும் காகிதத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பெயர் எதுவும் இல்லை. கொடுத்தவர் யார், வாங்கப் போகிறவர் யார் என்று எடுத்துப்போகிறவருக்குத் தெரியக் கூடாது. அது விதி.

லேபிளில் எடுத்த நேரம் நேற்று மாலை ஆறு மணி என்று இருந்தது. அதற்குக் கீழே போய்ச் சேர வேண்டிய ஊர் டாக்டரின் குறிப்பு: முப்பத்தாறு மணி நேரத்துக்குள் வார்டுக்கு வந்து சேர வேண்டும்.

"வழக்கமா இன்னும் கொஞ்சம் டைம் கொடுப்பாங்களே?" என்று கேட்டாள் அக்கா.

"இந்தத் தடவை கிடைச்சதே கம்மி, அக்கா. நேரம் ஆக ஆக உள்ள இருக்கற செல்லு செத்துக்கிட்டே வரும். அங்க அவங்களுக்குப் பழைய மஜ்ஜையை மருந்து கொடுத்து மொத்தமா அழிச்சாச்சு. இது போய்ச் சேரலேன்னா..." நர்ஸ் பெட்டியை மூடி வாரைப் பூட்டினாள்.

அக்கா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். ஆறு பயணங்களிலும் அவள் கடிகாரத்தை மாற்றியதே இல்லை. எந்த ஊரில் இறங்கினாலும் புறப்பட்ட ஊர் நேரத்தையே அது காட்ட வேண்டும். பைக்கு நேற்று மாலை ஆறு மணியிலிருந்து ஒரே கடிகாரம்தான். அதன்படி கெடு நாளைக் காலை ஆறு மணி. பத்து மணி விமானம் ஏறினால் இரவு ஒன்பது பத்துக்கு இறங்கலாம். வார்டுக்குப் பத்தரை. ஏழரை மணி நேரம் மிச்சம். தாராளம்.

விமான நிலையத்தில் பெட்டியை எக்ஸ்ரே மெஷினுக்குள் விடக் கூடாது என்று கடிதத்தைக் காட்டினாள். மேற்பார்வையாளர் வந்து, திறந்து பார்த்து, ஒரு சல்யூட் வைத்து அனுப்பினார். எல்லாம் வழுக்கிக்கொண்டு போனது. ஒன்பது மணிக்குக் கேட்டுக்கு முன்னால் வந்து உட்கார்ந்தபோதுதான் பலகையில் எழுத்து மாறியது. நாலு மணி நேரம் தாமதம்.

சுற்றியிருந்தவர்கள் 'அய்யோ' என்றார்கள், போனை எடுத்தார்கள், காபி வாங்கப் போனார்கள். அக்கா பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு நேராகக் கவுண்டருக்குப் போனாள்.

"சின்னத் தொழில்நுட்பக் கோளாறு, மேடம். ரெண்டு மணிக்குக் கிளம்பிடும்" என்றாள் கவுண்டர்ப் பெண். அந்தக் குரலை அக்காவுக்கு நன்றாகத் தெரியும். அவளே முப்பத்தோரு வருஷம் அந்தக் குரலில் பேசியவள்தான். பொய் சொல்லும் குரல் இல்லை அது. மேலேயிருந்து கொடுத்த எண்ணை அப்படியே கீழே கொடுக்கும் குரல்.

"கண்ணு, நானும் இப்படி ஒரு கவுண்டர்ல உக்காந்தவதான். உன்னைத் திட்ட வரல. ரிப்பேர் பார்க்கறவர் யாராவது இருந்தா ஒரு ரெண்டு நிமிஷம் பேசணும். இந்தப் பெட்டியில ஒரு உயிர் இருக்கு."

பெண் பெட்டியைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள், பிறகு கதவுக்குப் பின்னால் போய் ஒருவரைக் கூட்டி வந்தாள். மஞ்சள் அங்கி, கையெல்லாம் எண்ணெய். இன்ஜினியர்.

"எந்தச் சாமான் போச்சு?" என்றாள் அக்கா.

"ஒரு பம்ப்பு."

"அது இங்க இருக்கா, வெளியூர்லேருந்து வரணுமா?"

அவர் கவுண்டர்ப் பெண்ணை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "வரணும். பன்னெண்டு மணி விமானத்துல ஏத்தறாங்க."

"அங்கேருந்து இங்க எவ்வளவு நேரம்?"

"மூணு மணி நேரம்."

"மாத்த?"

"ரெண்டு, ரெண்டரை. அப்புறம் ஒரு சோதனை ஓட்டம்."

"அப்போ ரெண்டு மணிக்குன்னு பலகையில போட்டிருக்கே, அந்த நேரத்துல பம்ப்பே இன்னும் ஆகாசத்துலதானே இருக்கும்?"

இன்ஜினியருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பலகையில போடறது நான் இல்லம்மா. ஆனா ஒண்ணு சொல்றேன். ஆறு மணிக்கு முன்னாடி இது கிளம்பினா நான் மீசையை எடுத்துடறேன்."

நல்ல அடர்த்தியான மீசை அது. அக்கா நன்றி சொல்லிவிட்டு ஓரமாகப் போய்க் காகிதத்தை எடுத்தாள். மாலை ஆறுக்குக் கிளம்பினால் காலை ஐந்து பத்துக்கு இறங்கும். வார்டுக்கு ஆறரை. கெடு தாண்டி அரை மணி. அதுவும் ஆறுக்குக் கிளம்பினால். அதற்குள் விமானிகளின் வேலை நேரம் முடிந்துவிட்டால் புது ஆட்களுக்கு வேறு காத்திருக்க வேண்டும்.

அவள் பலகையில் மற்ற விமானங்களைப் பார்த்தாள். பதினொன்று இருபதுக்கு ஒன்று, தெற்கே ஒரு பெரிய ஊருக்கு. ஐந்து மணி ஐம்பது நிமிஷம். அங்கிருந்து போகவேண்டிய ஊருக்கு இன்னொன்று, ஒன்பது மணி ஐந்து நிமிஷம். அமைப்பின் ஒருங்கிணைப்பாளருக்குப் போன் போட்டாள். இளம் பெண். எதையும் இரண்டு முறை சரிபார்க்காமல் நகராதவள்.

"அக்கா, அது ரொம்பச் சுத்து" என்றாள் அவள். போனில் தட்டச்சு சத்தம் கேட்டது. "மொத்தம் பன்னெண்டாயிரத்து இருநூறு கிலோமீட்டர் வருது. மூவாயிரத்து நூறு அதிகம். நடுவுல மாறவேண்டிய டைம் வெறும் தொண்ணூத்தஞ்சு நிமிஷம். எல்லாம் சரியாப் போனாலே வார்டுக்கு முப்பத்தஞ்சு மணி நேரம் தாண்டித்தான் போவீங்க. அங்கேயே காத்திருந்தா முப்பத்திரண்டரையில போயிடலாம்."

"காகிதத்துலதானேம்மா?"

"ஏர்லைன்ஸ்காரங்க அப்படித்தான் சொல்றாங்க."

"அவங்க சொல்றதைச் சொல்லத்தான் அவங்களுக்குச் சம்பளம். பம்ப்பு மூணு மணிக்குத்தான் இந்த ஊர் மண்ணைத் தொடும். நான் கேட்டுட்டேன். தூரம் அதிகமானா என்ன, அந்த விமானம் கிளம்பத் தயாரா நிக்குது. பத்து இருபதுக்குள்ள டிக்கெட் மாத்தணும். டாக்டர்கிட்ட கேட்டுச் சொல்லு. நான் அந்தக் கேட்டுக்கு நடக்க ஆரம்பிக்கறேன்."

"நான் இன்னும் சரின்னு சொல்லலியே, அக்கா!"

"சொல்லும்போது நான் அங்க நிக்கணும்ல."

பத்து மணி ஐந்துக்குப் போன் வந்தது. டாக்டர் முடிவை அக்காவிடமே விட்டுவிட்டாராம். விமானத்தில் ஒரே ஒரு இடம்தான் இருந்ததாம், கடைசி வரிசையில், நடு சீட்.

"நடுவோ ஓரமோ, இறக்கைமேல உக்காரச் சொல்லாம இருந்தாச் சரி" என்றாள் அக்கா.

கடைசி வரிசையில் ஜன்னலோரம் ஒரு ஆள் இரண்டு சீட்டுக்கு உரிய தோள்களோடு உட்கார்ந்திருந்தான். லிஃப்ட் மெக்கானிக்காம். இறங்குகிற ஊர் அவன் பிறந்த நாட்டில்தான் இருக்கிறது. அங்கிருந்து இன்னொரு சின்ன விமானம் பிடித்து வீட்டுக்குப் போகிறான். அக்காவின் ஊரில் இத்தனை வருஷம் வேலை பார்த்ததில் அவள் மொழியையும் கற்றுக்கொண்டிருந்தான். கால் நீட்ட இடமில்லாமல் தவித்தவன் அவள் காலடியில் இருந்த பெட்டியைக் காட்டினான்.

"அதை மேல வச்சிடலாமே, அக்கா? நான் தூக்கி வைக்கறேன்."

"வேண்டாம்ப்பா. இது என் காலை விட்டு நகரக் கூடாது."

"அப்படி என்ன, தங்கமா?"

அவள் சொன்னாள். கேட்டதும் அவன் தன் இரண்டு காலையும் மடக்கி ஜன்னல் பக்கமாகத் திருப்பிக்கொண்டான். அதற்குப் பிறகு ஐந்து மணி நேரம் அந்த மலை மாதிரி உடம்பை அவன் அசைக்கவே இல்லை. சாப்பாட்டுத் தட்டு வந்தபோதுகூடப் பெட்டிமேல் ஏதாவது சிந்திவிடுமோ என்று பயந்து நெஞ்சோடு அணைத்துச் சாப்பிட்டான்.

பாதி வழியில் அக்காவின் கடிகாரம் இரண்டு மணி காட்டியது. ஒருவேளை அந்தப் பம்ப்பு எங்கேயாவது ஒரு அலமாரியில் அகப்பட்டிருந்தால்? இந்நேரம் நேர் விமானம் கிளம்பிப் போயிருந்தால்? முப்பத்தோரு வருஷத்தில் அவள் சொன்ன நேரம் தப்பாகப் போனதும் உண்டு. ஆனால் அப்போது யாராவது இரண்டு மணி நேரம் பெஞ்சில் கூடுதலாக உட்கார்ந்திருப்பார்கள், அவ்வளவுதான். காலை நகர்த்திப் பெட்டியைத் தொட்டுப் பார்த்தாள். மேலே இருந்த சின்ன மீட்டர் நாலு டிகிரி என்று காட்டியது. இருக்க வேண்டிய அளவுதான். சரி, எடுத்த முடிவு எடுத்ததுதான், இனி அதைக் கிளறி ஆகப்போவது ஒன்றுமில்லை என்று பணிப்பெண்ணிடம் டீ கேட்டாள்.

சோதனை இறங்கும் நேரத்தில் வந்தது. கீழே ஓடுதளத்துக்கு வரிசை. விமானம் ஒரே ஏரியைச் சுற்றிச் சுற்றி வந்தது. ஒரு சுற்று, இரண்டு சுற்று, நாலு சுற்று. முப்பத்தைந்து நிமிஷம் போயிற்று. தொண்ணூற்றைந்து நிமிஷம் அறுபதாகச் சுருங்கியது. அதிலும் கடைசிப் பதினைந்து நிமிஷத்துக்கு முன்பே கேட்டை மூடிவிடுவார்கள். முன்னால் நாற்பது வரிசை ஆட்கள்.

அக்கா தலைமைப் பணிப்பெண்ணைக் கூப்பிட்டு லேபிளைக் காட்டினாள். "என்னை முதல்ல இறக்கி விடுங்க. வேற ஒண்ணும் கேக்கல."

சக்கரம் தரையைத் தொட்டதும் ஒலிபெருக்கியில் அறிவிப்பு வந்தது: கடைசி வரிசையில் ஒரு பயணி ஒரு நோயாளிக்கான எலும்பு மஜ்ஜையை எடுத்துச் செல்கிறார், அவர் இறங்கும்வரை யாரும் எழுந்திருக்க வேண்டாம். விமானம் நின்றால் முதல் நொடியே பெல்ட்டை அவிழ்த்துக்கொண்டு குதிக்கிற கூட்டம். அன்று ஒருவர்கூட எழுந்திருக்கவில்லை. நடைபாதையில் கால் நீட்டியிருந்தவர்களெல்லாம் காலை உள்ளே இழுத்துக்கொண்டார்கள். அழுதுகொண்டிருந்த ஒரு குழந்தையை மட்டும் தாய் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். அக்கா வேகமாக நடந்தாள். பின்னாலேயே தரை அதிர ஒரு காலடிச் சத்தம். திரும்பினால் லிஃப்ட் மெக்கானிக்.

"உன்னை யாருப்பா எழுந்திருக்கச் சொன்னது?"

"உங்களுக்கு இந்த ஊர் பாஷை தெரியுமா?"

அது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. கையில் இருந்த கடிதம் இரண்டு மொழியில் இருந்தது, புறப்பட்ட ஊர் மொழி ஒன்று, போகிற ஊர் மொழி ஒன்று. நடுவில் இப்படி ஒரு ஊர் வரும் என்று கடிதம் எழுதியவர் கனவிலும் நினைத்திருக்கமாட்டார்.

விமானம் மாறிப் போகிறவர்களுக்கான சோதனைச் சாவடியில் நின்ற அதிகாரி கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எக்ஸ்ரே மெஷினைக் காட்டினார். அக்கா இரண்டு கையாலும் பெட்டியைப் பிடித்துக்கொண்டு தலையை ஆட்டினாள். அவர் மறுபடியும் காட்டினார். மணி ஐந்து ஐம்பத்தெட்டு.

மெக்கானிக் பேச ஆரம்பித்தான். அவன் பேசுவதைவிடக் கத்துவதுதான் அதிகமாக இருந்தது. அதிகாரியின் முகம் இறுகுவதை அக்கா பார்த்தாள். கவுண்டருக்கு வெளியே குரல் உயர்ந்தால் உள்ளே இருப்பவன் கதவைச் சாத்துவான். அது அவளுக்குத் தெரியாததா?

"கத்தாதப்பா. நான் சொல்றதை மட்டும் அப்படியே மெதுவாச் சொல்லு. 'ஐயா, உங்க விதியை மீறச் சொல்லல. நீங்க தாராளமா திறந்து பாருங்க. உங்க மேலதிகாரியையும் கூப்பிடுங்க. மெஷின் மட்டும் வேண்டாம். இதை வாங்கப் போறவங்களுக்கு வேற ஒண்ணு கிடையாது.' இவ்வளவுதான்."

அவன் சொன்னான். குரல் தாழ்ந்தது. அதிகாரி கடிதத்தை மேஜைமேல் வைத்தார். பிறகு தொலைபேசியை எடுத்தார். மேலதிகாரி வந்து சேர ஒன்பது நிமிஷம் ஆயிற்று. அக்காவின் ஆயுளிலேயே அவ்வளவு நீளமான ஒன்பது நிமிஷம் இருந்ததில்லை. வந்தவர் வயதானவர். கையுறை மாட்டிக்கொண்டு பெட்டியைத் திறந்து, பையைப் பார்த்து, உடனே மூடினார். மெக்கானிக்கிடம் ஏதோ கேட்டார்.

"எத்தனாவது கேட்டுன்னு கேக்கறார்" என்றான் மெக்கானிக்.

"நாப்பத்தேழு."

மேலதிகாரி கையைத் தட்டினார். சாமான் ஏற்றும் மின்சார வண்டி ஒன்று எங்கிருந்தோ வந்து நின்றது. அக்கா ஏறி உட்கார்ந்து பெட்டியை மடியில் வைத்துக்கொண்டாள். மெக்கானிக் கையை ஆட்டிக்கொண்டே அங்கேயே நின்றான்.

"உன் விமானம்?" என்று கத்தினாள் அவள்.

"அது நாலு மணி நேரம் கழிச்சுத்தான் அக்கா! போங்க!"

கேட்டை அடைந்தபோது மணி ஆறு இருபத்தாறு. கதவை மூடக் கை வைத்த ஆள் அவளைப் பார்த்துவிட்டுக் கையை எடுத்தான்.

இரண்டாவது விமானத்தில் அவளுக்கு நடைபாதையோரச் சீட்டு. கிளம்பிச் சற்று நேரத்தில் விமானி பேசினார். மேற்கிலிருந்து பலத்த காற்று பின்னாலிருந்து தள்ளுவதால் நாற்பது நிமிஷம் முன்னதாகவே போய்ச் சேர்ந்துவிடலாம் என்றார். அக்கா முதன்முறையாகச் செருப்பைக் கழற்றினாள். பெட்டியின் வாரைக் கணுக்காலில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு, அரைமணிக்கு ஒருமுறை மீட்டரைப் பார்த்து எழுதிக்கொண்டு, நடுநடுவே கோழித்தூக்கம் போட்டாள்.

இறங்கியபோது அந்த ஊரில் பகல் பதினொன்று பத்து. அவள் கடிகாரத்தில் விடியற்காலை மூன்று பத்து. சுங்கத்தில் கடிதம் அந்த ஊர் மொழியிலேயே இருந்ததால் ஒரு பார்வையில் வேலை முடிந்தது. வெளியே மருத்துவமனைக் கார் காத்திருந்தது. சாலையில் வெயில், பள்ளிக்கூடப் பேருந்துகள், ஒரு சிக்னலில் ஐந்து நிமிஷம். தன் கடிகாரப்படி நாலு இருபத்தைந்துக்கு அவள் வார்டு கதவில் அழைப்பு மணியை அழுத்தினாள். முப்பத்து நாலு மணி இருபத்தைந்து நிமிஷம்.

நர்ஸ் ஒருவர் வந்து எண்ணை வாசித்தார். அக்கா வாசித்தாள். இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். பெட்டி உள்ளே போயிற்று. அப்போதுதான் அக்காவுக்கு இடது தோள் வலிப்பதே தெரிந்தது.

கீழே கேன்டீனில் உட்கார்ந்து போனைத் திறந்தாள். ஒருங்கிணைப்பாளரிடமிருந்து செய்தி: நேர் விமானம் இரவு ஏழு இருபதுக்குத்தான் கிளம்பியது. இன்னும் ஆகாசத்தில்தான் இருக்கிறது. கீழே ஒரே ஒரு வரி: 'அக்கா, நான் காத்திருக்கச் சொல்லியிருந்தேன்.'

அவள் உடனே கூப்பிட்டாள். "நீ சொன்னதுல தப்பே இல்லம்மா. கேள்வி கேக்க ஒரு ஆள் வேணும். நீ கேட்டதனாலதான் நான் ரெண்டாம் தடவை கணக்குப் போட்டேன்."

"அழுதுக்கிட்டிருக்கேன், அக்கா. அப்புறம் பேசறேன்" என்றாள் அவள்.

தட்டில் பாதி தீர்வதற்குள் அக்கா மேஜைமேலேயே தூங்கிப்போனாள். யாரோ தோளைத் தொட்டார்கள். வார்டு நர்ஸ். சாப்பாட்டு இடைவேளை போலிருக்கிறது, கையில் டீ கப்.

"இதை நான் சொல்லக் கூடாது. டாக்டர் எண்ணிப் பாத்தார், செல் போதுமாம். ஏத்த ஆரம்பிச்சாச்சு" என்று சொல்லிவிட்டு அவர் நிற்காமல் போய்விட்டார்.

ஏழு மாதம் கழித்து ஒரு மத்தியானம் அக்கா தையல்கடையில் அளவு கொடுத்துக்கொண்டிருந்தாள். போன் அடித்தது. ஒருங்கிணைப்பாளர்.

"அக்கா, விதிப்படி ஒரு வரிதான் சொல்லலாம். அன்னிக்கு மஜ்ஜை வாங்கினவங்க முழுக்கக் குணமாகி நேத்துலேருந்து வேலைக்குப் போறாங்களாம்."

"என்ன வேலை?"

"அது ரெண்டாவது வரி, அக்கா."

அக்கா போனை வைத்தாள். தோளில் டேப்பைப் பிடித்துக்கொண்டு நின்ற தையல்காரர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "யாரும்மா, சொந்தக்காரங்களா?" என்றார்.

"யாருன்னே தெரியாதுங்க" என்றாள் அவள். சிரிப்பை அடக்க முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வர வரச் சிரித்தாள். தையல்காரர், "கொஞ்சம் அசையாம நில்லுங்கம்மா, அளவு தப்பிடும்" என்று சொல்லிப் பார்த்துவிட்டு, டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு அவள் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்தார்.